ஊட்டம் நிறுத்தும் நாள்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் தொடையிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு பத்திரமாக என் ஆய்வகத்துக்கு வந்துவிட்டது. செல்கள் தட்டில் ஒட்டிக்கொண்டு பெருகுகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் உன்னைப் போலவே ஒல்லி.

நீ கேட்டதற்குப் பதில்: ஊட்டக் கரைசல் இருக்கும்வரை அவை பெருகும், தசையாவதில்லை. தட்டு முக்கால்வாசி நிரம்பியதும் ஊட்டத்தை நிறுத்த வேண்டும். அப்போதுதான் உள்ளே உறங்கும் மரபணுக்கள் விழித்து, செல்கள் வரிசைகட்டி, ஒன்றோடொன்று கலந்து நாராகும். உன் செல்கள் வரிசைவரை வருகின்றன, கலப்பதில்லை. கலக்கவைக்கும் புரதம் போதவில்லை. அதனால்தான் உன் தசைகள் கரைந்துகொண்டே போகின்றன. அதைக் கூட்டும் மருந்து ஒன்று கைவசம் இருக்கிறது. உன் செல்லில் பலித்தால்தான் உனக்குத் தர அனுமதி கிடைக்கும்.

அம்மாவிடம் எரிந்து விழாதே.

உன் அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

என் சதையாவது ஊர் பார்த்ததே, சந்தோஷம். பட்டினி சமாச்சாரத்தை அம்மாவிடம் சொன்னேன். "அவ சின்ன வயசுலயே உன் தட்டுல கை வைக்கிறவதான்டா" என்கிறாள்.

எழுத்து கோணலாக இருக்கிறதா? கை மேசையை விட்டு எழுவதில்லை. விழுங்கவும் சிரமம். இன்னொரு துணுக்கு எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "எடுக்க என்னப்பா மிச்சம் இருக்கு?" என்றார் டாக்டர். உன்னிடம் இருப்பதுதான் கடைசி. பாவம் என் செல்கள், அவர்களுக்கு நன்றாகச் சாப்பாடு போடு. பட்டினியை மெதுவாக ஆரம்பிக்கலாம்.

உன் தம்பி


மார்ச் 8

தம்பி,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஊட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும். கரைசலை உறிஞ்சக் குழாயைக் கையில் எடுத்தேன். உன் கடிதம் ஞாபகம் வந்தது. திங்கள்வரை சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். வேறு யாருடைய செல்லாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

ஞாயிறுக்குள் தட்டு இடமின்றி நிரம்பிவிட்டது. அப்படி நெருக்கியடித்து வளர்ந்ததில் உன் செல்கள் தசையாகும் திறனையே இழந்துவிட்டன. மருந்தைக் கொடுத்தும் பார்த்தேன், எதுவும் கலக்கவில்லை. முன்னெச்சரிக்கையாக ஒரு குப்பியில் உறையவைத்திருந்த உன் செல்களும் உயிர்க்கவில்லை. மருந்து உனக்குப் பலிக்குமா, பலிக்காதா என்பதே இனி யாருக்கும் தெரியாது.

திட்டியாவது எழுது.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள். திட்ட மாட்டேன். சாப்பாடு போடச் சொன்னது நான்தானே.

இப்போது தண்ணீரும் இறங்குவதில்லை. வயிற்றில் துளைபோட்டு ஊட்டக் குழாய் வைக்கலாம் என்கிறார்கள். மருந்து வருமென்றால் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அதுதான் இனி வராதே, குழாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த வரிக்கு அம்மா இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இதையும் நானே எழுதணுமாடா?" என்கிறாள்.

நீ வா. வந்து என் பக்கம் பேசு.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

வியாழன் காலை வந்துவிடுவேன். குழாயைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேன். அம்மாவையும் பேச விடமாட்டேன்.

அந்தத் தட்டை எதற்கு வைத்திருக்கிறாய், கொட்டிவிடு என்று ஆய்வகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். இன்று காலையும் அதற்கு ஊட்டக் கரைசல் மாற்றினேன்.

அக்கா