காரைக்காலுக்கு மேலே இருந்த வரி

ஜூன் 3, செவ்வாய்

நர்சிங் கல்லூரிக்கான ஆன்லைன் விண்ணப்பத்தை இன்று காலை நானேதான் நிரப்பினேன். மாநிலம் கேட்டது, புதுச்சேரி என்று போட்டேன். அடுத்து பிராந்தியம் கேட்டது. அதே கையோடு அதிலும் புதுச்சேரியைத் தொட்டுவிட்டேன். காரைக்கால் அதற்கு நேர் கீழே இருந்திருக்கிறது. சப்மிட் ஆன பிறகுதான் கண்ணில் பட்டது.

காரைக்கால் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் இனி என் பெயர் வராது. என் மார்க்குக்கு அதை விட்டால் வேறு வழி இல்லை. உதவி எண்ணில் பேசிய அக்கா, "இனிமே மாத்த முடியாதும்மா, பாத்துப் போட்டிருக்கக் கூடாதா?" என்று வைத்துவிட்டார். பிறந்ததிலிருந்து காரைக்கால் தலத்தெருவில்தான் இருக்கிறேன். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சாயங்காலம் துபாயிலிருந்து வாப்பா கூப்பிட்டார்.

"எல்லாம் சரியா போட்டுட்டியாம்மா?"

"போட்டுட்டேன் வாப்பா."

"அல்ஹம்துலில்லாஹ். எம் மவ நர்சாவப் போறான்னு ரூம்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

போனை வைத்ததும் உம்மா பீரோவைத் திறந்து, ஹாஸ்டலுக்கென்று எடுத்துவைத்திருந்த புதுப் போர்வையை உதறினார். "அந்த முனையப் புடி" என்றார்.

பிடித்தேன். இரண்டு பேருமாக மடித்து வைத்தோம்.