காப்புக் கட்டிய கை

மார்ச் 18

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, இதற்கு மேல் படிக்காதீர்கள். படித்தே விட்டீர்கள் என்றால் யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் அம்மாவிடம். கெஞ்சிக் கேட்கிறேன்.

அறிவியல் டீச்சர் எனக்குக் கொடுத்திருக்கும் சார்ட், ‘நம் பகுதியில் அதிகம் வரும் புற்றுநோய்கள்’. நேற்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் கேட்டு எழுதி வந்தேன். பெண்களுக்கு மார்பகம், அடுத்து கருப்பைவாய். ஆண்களுக்கு வாய், இரைப்பை.

“மார்ல கட்டி வந்தா எல்லாமே அது இல்லடி. ஆனா வெள்ளனமே பாத்தாத்தானே தெரியும்? நம்ம சனம் எல்லா வேலையையும் முடிச்சுப்புட்டுக் கடைசியாத்தான் வரும்” என்றார். பிறகு, “ஒங்கம்மா அன்னக்கிளி எப்படி இருக்கு?” என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன். என் முகத்தையே பார்த்தார். ஏன் கேட்டார்?

இன்று சார்ட்டை நடுவீட்டில் விரித்துக் கலர் அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா ‘மார்பகம்’ என்ற முதல் வரியைப் படித்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

“எடுடி இத. திருவிழா வர்ற நேரத்துல வீட்டுக்குள்ள விரிச்சு வைக்கிற சாமானா இது?”

அவள் திட்டுவது புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை சார்ட்டை மிதித்துவிடாமல் சுவரோரமாகச் சுற்றிப் போனாள்.

மார்ச் 20

அம்மா அரியக்குடிப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்ததாகச் சொல்கிறாள். துளசி எங்கே என்றால், “பஸ்ஸுல விழுந்துருச்சு.” முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். பெருமாள் கோயிலில் ஊசி போடுகிறார்களா?

அப்பாவிடம் கேட்டேன். “கோயிலுக்குத்தான் போனா” என்று சொல்லிவிட்டு டிராக்டர் சாவியைத் தேடப் போனார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் எதையோ மறைக்கிறார்கள்.

மார்ச் 21

அம்மா இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதே இல்லை. எப்போதிலிருந்து?

மார்ச் 25, செவ்வாய்

இன்று அம்மன் கோயிலில் காப்புக் கட்டு. பூக்குழி இறங்க நேர்ந்துகொண்டவர்கள் கையில் மஞ்சள் நூல் கட்டிக்கொள்வார்கள். நெருப்பில் இறங்கும் நாள் வரை கவிச்சி தொடக் கூடாது, வெளியூரில் இரவு தங்கவும் கூடாது. அந்த வரிசையில் போய் அம்மா நின்றாள்! வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பூசாரி சின்னக்கருப்பு பெரியப்பா கேலி செய்தார். “அன்னக்கிளி, செருப்பில்லாம கொல்லைக்குப் போகவே கூப்பாடு போடுவ. இது நெருப்பு, தாயி.” எல்லோரும் சிரித்தார்கள். அம்மா கையை நீட்டியபடியே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் அப்பா மெதுவாகக் கேட்டார். சுவருக்கு இங்குட்டு நான் நின்றதை அவர்கள் பார்க்கவில்லை.

“மதுரையில வந்து படுக்கணும், சதை எடுத்துப் பாக்கணும்னு டாக்டரு சொன்னாகளே?”

“காப்புக் கட்டியாச்சு. இனி எங்குட்டுப் போறது? நெருப்புல எறங்குனா மார்க்கட்டிய ஆத்தா கரைச்சு விட்டுருவா.”

“கரையலைன்னா?”

“வாய வைக்காதீக.”

அப்பா அதற்கு மேல் பேசவில்லை. ஏம்ப்பா பேசல? பேசியிருக்கலாம்ல? சார்ட்டில் முதல் வரியை நான்தான் சிவப்பில் எழுதினேன். அது எங்க வீட்டுக்குள்ளயே இருக்கா? எங்கம்மாவுக்கா? இல்லாமலும் இருக்கலாம். பார்க்காமல் எப்படித் தெரியும்?

மார்ச் 26

பள்ளி விட்டதும் நேரே பூசாரி பெரியப்பாவிடம் போனேன். வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்.

“பெரியப்பா, எங்க கிளாஸ்ல ஒரு பிள்ளையோட அம்மா காப்புக் கட்டியிருக்காக. அவுக ஆஸ்பத்திரியில போய்த் தங்கணும்னா என்ன செய்யிறது?”

“எந்த ஊருப் பிள்ளை?”

“கண்டரமாணிக்கம்.”

“கண்டரமாணிக்கத்துல காப்பு எப்பக் கட்டுனாக? எனக்குத் தெரியாம?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வேப்பிலையைக் கீழே வைத்தார். “ஒங்கப்பன் கோட்டைச்சாமி ஒரு வருசம் காப்புக் கட்டிக்கிட்டுத் திருப்பத்தூர்ல கோழி தின்னுபுட்டு வந்தான். அவன் காலையே ஆத்தா ஒடிக்கல. போ, கண்ணத் தொடச்சுட்டு வீட்டுக்குப் போ.”

நான் பேரே சொல்லவில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டார். ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவாரோ? சிரித்த மாதிரி இருந்ததே, அது என்ன சிரிப்பு?

மார்ச் 27

காலையிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. நேற்றே பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். சாயங்காலம் இரண்டு பேரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். நானும் வரட்டுமா என்றேன். “நீ செஞ்சது போதும்” என்றாள் அம்மா.

திரும்பி வந்து, பையில் துணி அடுக்க ஆரம்பித்தாள். எங்கே போகிறாள்? என் மேல் உள்ள கோபத்தில் அம்மாச்சி வீட்டுக்கா? கேட்கப் பயமாக இருந்தது. அப்பாவுக்குச் சோறு போட்டேன். ரசத்துக்காகக் கிண்ணத்தை நீட்டினார். அவர் மணிக்கட்டில் மஞ்சள் நூல்.

அம்மாவின் கையைப் பார்த்தேன். வெறும் கை.

“கறி வாசம் இல்லாம ஒரு வாரம் இருந்திருக்கீகளா நீங்க? இதுல நெருப்பு வேற” என்றாள் அம்மா, பையைப் பார்த்துக்கொண்டே.

“எறங்குறேன். நீ மதுரைக்குப் போ” என்றார் அப்பா.

இப்போது படுக்கவே முடியவில்லை. அங்கே என்ன சொல்வார்கள்? முதல் வரி என்று சொல்லிவிட்டால்? அப்பா இனிமேல் வெளியூரில் தங்க முடியாது. அப்படியென்றால் அம்மாவோடு யார்—

கதவு தட்டுகிறார்கள். அம்மா குரல்.

“கீர்த்தி, நான் பேசலேன்னா நீயும் பேசமாட்டியா? தொற. ஒன் துணியும் ரெண்டு குடு, ஒரே பையில வச்சு—”