நைனா சொன்ன பாறை

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து கச்சான் காற்று. மேற்கிலிருந்து மணலை வாரிக் கொட்டுகிறது. லேப்டாப் விசைகளுக்கு நடுவே நறநற. கம்பெனிக்கு லீவ். மீஞ்சூர் பஸ்ஸுக்கு ஓட வேண்டாம் என்பதே பாதி சந்தோஷம்.

வேலை: நம் குப்பத்து இளைஞர் மன்றக் கிளைக்கு இணையதளம். சுதந்திர தினத்துக்குள் எல்லாக் கிளையும் திறந்தாக வேண்டும் என்று மாவட்டப் பொறுப்பாளர் உத்தரவு (இனி மா.பொ.). மன்றத்தில் நான் ஒருத்திதான் பெண். இதுவரை எனக்குக் கிடைத்த பொறுப்பு விழாவுக்குக் கோலம் போடுவது. இதைச் சொதப்பினால் மறுபடியும் கோலம்தான்.

இலவச டெம்ப்ளேட். திறந்தவுடன் கோட் போட்ட நாலு பேர் கைகுலுக்கும் படம். கிளைத் தலைவர் சேகர் அண்ணன் எட்டிப் பார்த்து, "யாரும்மா இவனுங்க? நம்ம மெம்பரா?" என்றார். தூக்கிவிட்டேன்.

மிச்சம்:
– உறுப்பினர் போட்டோ. எல்லாரும் கூலிங் கிளாஸோடு அனுப்பியிருக்கிறார்கள்.
– ரத்ததானப் பக்கம். ஒருத்தனுக்கும் தன் பிளட் குரூப் தெரியவில்லை.
– 'எங்கள் கடல்' பக்கம். சுத்தமாகக் காலி.

ஆகஸ்ட் 6, புதன்

காற்று இல்லை. புழுக்கம். நைனா கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, கடலில் எந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டேன். வரிசையாகச் சொன்னார். எல்லாம் ஊருக்கே தெரிந்த இடங்கள்.

கடைசியாக நைனாவின் பாறை. கடலடியில் இருக்கிறது. ஊரே வெறும் கூடையோடு திரும்பும் நாளிலும் நைனா அங்கிருந்து வஞ்சிரம் கொண்டுவருவார். எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவர் போட்டிலேயே போகும் அக்கா புருஷன் குமார் மாமாவுக்குக்கூட அரைகுறைதான். ஜி.பி.எஸ். கருவியைத் துண்டு போட்டு மூடி வைத்துக்கொள்வாராம்.

எனக்குச் சொன்னார்!

"கடல்லேந்து பாத்தா லைட்ஹவுஸும் தண்ணி டேங்க்கும் ஒன்னு மேல ஒன்னா தெரியணும். அப்பால வடக்கால பாரு, சவுக்குத்தோப்பு முடியும். அங்கதான்."

"எனக்குச் சொல்றியே நைனா?"

"நீ எம் பொண்ணுடி."

மன்றத்து மேப்பில் போடட்டுமா என்றேன். "போட்டுக்கோ," என்றார், வலையிலிருந்து தலையைத் தூக்காமலே. எழுதும்போதும் சிரிப்பு சிரிப்பாக வருகிறது.

ஆகஸ்ட் 9, சனி

தளம் திறந்தாச்சு. வரைபடத்தில் மற்ற இடங்கள் நீலப் புள்ளி, நைனா பாறை மட்டும் சிவப்பு. மா.பொ. குரூப்பில் போட்டிருக்கிறார்: "மற்ற கிளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளவும்." கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். சேகர் அண்ணன் எல்லாக் குரூப்பிலும் அனுப்பித் தள்ளுகிறார்.

கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அம்மா: "என் போட்டோ கீதா அதுல?" இல்லை. முகம் சுருங்கிப் போச்சு. நாளைக்குச் சேர்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

விடியற்காலையில் கரையில் ஒரே கூச்சல். வெளியூர் போட்டுகள். பெரிய இன்ஜின், சுருக்குவலை. லைட்ஹவுஸுக்கு எதிரே மொய்த்துவிட்டன. நம் ஊர் வலைகளை இழுத்துக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மோகன் சித்தப்பா கிழிந்த வலையை மணலில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஃபோன பாத்துப் பாத்து ஓட்றான்பா. கிட்ட போயி பாத்தேன். நம்ம மன்றத்து மேப்பு. செவப்புப் புள்ளி நல்லா தெரியுது," என்று அவருடைய மகன் சொன்னான்.

பஸ் முழுக்க அதே நினைப்பு. கம்பெனியில் ஒரு வேலையும் ஓடவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். பெண்கள் உட்காரக் கூடாது. அடிபம்ப் ஓரமாக நின்று கேட்டோம்.

ஊர்த் தலைவர் நாட்டார்: "பாறை எங்க கீதுனு உனக்கு மட்டுந்தான் தெரியும். மேப்புல எப்டி வந்துச்சு?"

நைனா: "நாந்தான் சொன்னேன்."

"உம் பொண்ணு கேட்டுச்சா?"

"அதுக்கு இன்னா தெரியும்? நாந்தான் போடச் சொன்னேன்."

நான் முன்னால் போகப் பார்த்தேன். அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

தீர்ப்பு: தளத்தை உடனே அழிக்க வேண்டும். அமாவாசை தாண்டும்வரை நைனா போட் கடலில் இறங்கக் கூடாது. ஒரு பாவமும் அறியாத குமார் மாமாவும் சேர்ந்து கரையில். சேகர் அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. இனி கோலம்கூடக் கிடையாது.

அவமானம். வேறு வார்த்தை தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

லீவ். அழிக்க உட்கார்ந்தேன். 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்கிறது. நைனா வந்து பின்னால் நின்றார்.

"ஒரு தபா காட்டு."

காட்டினேன். சிவப்புப் புள்ளியையே பார்த்தார்.

"நான் சொன்ன எடத்துலதான் வெச்சிருக்க. ஆனா பாறை அங்க இல்ல."

புரியவில்லை.

"அங்க வெறும் சேறுதான். மூணு நாளா அரிச்சினு கீறானுங்க, ஒன்னும் மாட்டல."

"கூட்டத்துல சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, அப்ப நெசமான எடம் எங்கனு ஊரே கேக்கும். நம்மூர்ல பாதிப் பேருக்கு வெளியூருல சம்பந்தி. பொழுது சாயறதுக்குள்ள சேதி அங்க போய்டும்."

"எங்கிட்டயே பொய் சொன்னியா நைனா?"

"எடம் கேட்டா அப்டித்தான் சொல்றது. எங்க நைனா எனக்கே அப்டித்தான் சொன்னாரு."

"நீ எம் பொண்ணுன்னு சொன்னியே."

எனக்கு ஆத்திரம். மோகன் சித்தப்பா வலைக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டுவிட்டேன். "மேப்ப வெளியூர்க்காரன் பாப்பான்னு எனக்குத் தெரியாதுடி. அதுக்குத்தான் கரையில குந்தினு கீறேன்," என்றார்.

அழித்துவிட்டேன். ஒரு நொடிதான். எல்லாம் போச்சு, அம்மா போட்டோவோடு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மேகமூட்டம். கொடியேற்றம், மிட்டாய். போகவில்லை. தளம் எங்கே என்று மா.பொ. கேட்டதற்கு, "சர்வர் பிராப்ளம் சார்," என்றாராம் சேகர் அண்ணன்.

வெளியூர் போட்டுகள் இன்னும் சேற்றையே சுற்றுகின்றன. அவசரமாக அழித்ததில் அவர்களுக்கு நம்பிக்கை கூடிவிட்டது போலிருக்கிறது.

நைனா, மோகன் சித்தப்பாவின் வலையை வாங்கிவந்து தைக்கிறார். எதிரே உட்கார்ந்து நூலைப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் ஊசியைக் கீழே வைத்தார். நான் கேட்கவே இல்லை. அவராகவே சொன்னார். எதற்கு நேராக எது வர வேண்டும், எங்கே இன்ஜினை நிறுத்த வேண்டும், எல்லாம்.

"இதாவது நெசமா?"

"நெசம்."

"குமார் மாமாக்குத் தெரியுமா?"

"தெரியாது. உனக்குத்தான்."

நம்புகிறேனா, தெரியவில்லை. இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. இருந்தாலும் அந்த இடத்தை இதில் எழுதவில்லை.