இன்னும் எட்டுப் பாடங்கள்

அன்புள்ள மகளுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்பி, நாங்கள் நலம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். இன்று காலை பதினொன்று பத்துக்குப் பழுது பார்க்கும் கடைக்காரப் பெண் தொலைபேசியில் சொன்னது இது: பார்வையற்ற பிள்ளைகள் ஆறு பேருக்காக அம்மா படித்துப் பதிவு செய்த இருநூற்றுப் பன்னிரண்டு பாடங்களில் நூற்று அறுபத்தொன்று விழுந்த டிஸ்க்கிலிருந்து பத்திரமாக வெளியே வந்துவிட்டன. நேரில் போய்த் திரையில் எண்ணியும் பார்த்தேன். வராத ஐம்பத்தொன்றில் நாற்பத்து மூன்று நீ நேற்று அனுப்பியதில் இருக்கின்றன. போன விடுமுறையில் சொல்லாமல் பிரதி எடுத்துப் போனதற்கு நீ அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாயாம். "வேலைக்குப் போற பஸ்ல சும்மா உன் குரலைக் கேக்கலாம்னுதாம்மா" என்றாயாமே, அதை அம்மாவை மூன்று முறை சொல்லவைத்துக் கேட்டேன். புவியியல் பாடத்தை இவ்வளவு ஆசையாகக் கேட்ட ஆள் நீயாகத்தான் இருப்பாய். இரண்டு வருட உழைப்பைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு மன்னிப்பு எதற்கம்மா, நாங்கள்தான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தவறு முழுக்க என்னுடையது, அதையும் எழுதிவிடுகிறேன். பதிவுகளை வைக்கச் சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வாங்குங்கள் என்று நீ சொன்னாய், அதே விலைக்கு நான்கு மடங்கு இடம் கிடைக்கிறதே என்று உள்ளே தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்கை வாங்கினேன். போன செவ்வாய் அது ஓடிக்கொண்டிருந்தபோது எழுந்தேன், கம்பி காலில் மாட்டி மேசையிலிருந்து விழுந்தது, அப்புறம் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். அம்மா ஓடிவந்து முதலில் கேட்டது, "காலில அடி எதுவும் படலையே?" பயப்படாதே, இரண்டாவது பிரதி இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். அதே டிஸ்க்கில் இன்னொரு ஃபோல்டரில்தான் அது இருந்தது. கடைக்காரப் பெண் கேட்டுவிட்டு, "ஒரே வீட்டுக்கு ரெண்டு கதவு வச்சிட்டு ரெண்டு வீடுன்னு சொல்றீங்களே சார்" என்றாள். ஒரே ஆள் வேறு வேறு வாயால் சொன்னதை இரண்டு ஆதாரம் என்று கொண்டுவந்த நிருபர்களை முப்பத்தெட்டு வருடம் திருப்பி அனுப்பியவன் நான். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததைப் பார்த்தேன்.

இப்போது எதை வாங்குவது என்று அந்தக் கடைக்காரப் பெண்ணிடமே கேட்டோம். விலை கூடியதைத் தலையில் கட்டாமல் பொறுமையாக விளக்கினாள், அதற்கும் நன்றியோடு இருக்கிறேன். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் கிடையாது, வேகம், கைதவறினாலும் பெரும்பாலும் தாங்கும், தினசரி வேலைக்கும் தூக்கிப் போவதற்கும் அது. நிறையச் சேர்த்து ஓரமாக வைக்கச் சுழலும் வகை போதும். "எஸ்.எஸ்.டி.ய பீரோவில பூட்டி வருஷக்கணக்கா மறந்துடாதீங்க, கரண்டே காட்டலன்னா எழுதினது போயிடலாம். எதை வாங்கினாலும் ஒண்ணு மட்டும் வாங்காதீங்க" என்றாள். அதனால் அம்மாவின் பைக்கு ஒரு எஸ்.எஸ்.டி., அலமாரிக்கு ஒரு சுழலும் டிஸ்க், மூன்றாவது பிரதி உன்னிடம். அதை அழித்துவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்து வலிக்கு அந்த நாற்காலியை மாற்று. எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கும்.

மீதி எட்டும் நீ போன பிறகு படித்த வேதியியல் பாடங்கள், வேறு எங்கும் பிரதி இல்லை. டிஸ்க்கைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், வெள்ளி மாலை நான்கு மணிக்குப் பதில் சொல்வார்கள். பிள்ளைகளுக்குப் பத்தொன்பதாம் தேதி தேர்வு. அம்மா அந்தப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி படிக்கத் தொடங்கி இரண்டை முடித்துவிட்டாள். ஆகையால் வெள்ளிவரை இங்கே மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் அழைக்காதே, மணிச் சத்தம் பாடத்தில் விழுந்துவிடும். வெள்ளியன்று நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு நானே அழைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா