கொழும்பு சொன்னதும் நான் எழுதியதும்

ரேடியோப் பெட்டி சூடேறும்போது உள்ளே படிந்த தூசி கருகி ஒரு வாசனை வரும். இன்று காலை விழுப்புரம் ஸ்டேஷன் டீக்கடையில் அந்த வாசனை என் மூக்கில் ஏறியது. சண்டைச் செய்தி கேட்கப் பிளாட்பாரத்தில் ஐம்பது பேராவது நின்றிருப்பார்கள். இந்தத் தடவை மேற்கு எல்லை. எதிரி மாறிவிட்டான், செய்தி வாசிக்கும் தொனி மட்டும் மூன்று வருஷத்துக்கு முன்பு நீயும் நானும் கேட்டதேதான். அந்த நாட்டுத் தலைவரின் தாயைப் பற்றி ஒருவர் ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காமல் நின்ற ஒருவனை இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அது உன் தம்பி.

என்னைத் தேடித்தான் வந்திருந்தான். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான். உடம்புப் பரிசோதனைகூட முடிந்துவிட்டது. போலீஸ் விசாரணை அறிக்கை மட்டும் வரவில்லை. "அண்ணன் பேரு இன்னும் போலீஸ்ல இருக்குதாம். நாட்டுக்கு விரோதமா நடந்துக்கினவன் தம்பின்னு எழுதி வச்சிருக்காங்களாம். நீங்க பேப்பர்ல இருக்கீங்க. ஒரு வார்த்த எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றான்.

உன்னைப் பற்றிய முதல் வார்த்தையை எழுதியவனே நான்தான் என்று அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். சாகும்வரை நீ அதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்காக உனக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. நீ சொல்லியிருக்க வேண்டும்.

திண்டிவனத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ரேடியோ ரிப்பேர்க் கடையில் சாயங்காலங்களில் நீ வேலை கற்றுக்கொண்டாய்; நான் வேடிக்கை பார்த்தேன். அங்கே உனக்கு நான் "டேய்" தான். ஊருக்குத் திரும்பும் பஸ், பனமலை போகும் சாலையில் நம்மூர் விலக்கில் நின்றதும் "இறங்குங்க" என்பாய். ஒருமுறை எனக்குக் கோபம் வந்து கேட்டபோது, "பஸ்ஸுல டிக்கெட்டு, ஊருக்குள்ள இந்த ங்க. ரெண்டும் இல்லாம நான் எறங்க முடியாதுடா" என்றாய். நான் மேலத்தெரு. நீ வாய்க்காலுக்கு அந்தாண்ட.

பஞ்சாயத்துக்குச் சர்க்கார் ரேடியோ கொடுத்தபோது பிரசிடெண்டுக்குத் தன் சொந்தக்காரன் யாரையாவது ஆப்பரேட்டராகப் போட ஆசை. போட்டும் பார்த்தார். அவன் இரண்டே மாதத்தில் பெட்டியை ஊமையாக்கினான். நீ வந்து திறந்து, ஒரு கம்பியைப் பற்றவைத்து மூடினாய். பேசியது. வேறு வழியில்லாமல் வேலையை உனக்குக் கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை சைக்கிளில் பாட்டரியை விழுப்புரம் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வர வேண்டும், சாயங்காலம் பெட்டியைத் திறந்து செய்தியும் கிராம நிகழ்ச்சியும் வைக்க வேண்டும், முடிந்ததும் பூட்ட வேண்டும். பஞ்சாயத்து ஆபீசின் பின் வாசல் வழியாகத்தான் நீ உள்ளே போவாய். அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் அடித்துத் திருத்தவாவது செய்திருக்கலாம்.

கூரை மேல் இருந்த ஒலிபெருக்கியின் வாய் மேலத்தெருவைப் பார்த்து இருந்தது. காற்று வாகாக அடித்தால்தான் உங்கள் பக்கம் ஏதாவது கேட்கும். ஒருநாள் ஏணி வைத்து ஏறி அதைக் கால்வாசி திருப்பிவிட்டு இறங்கினாய். ஒரு வாரம் யாரும் கவனிக்கவில்லை. கவனித்த பிறகும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது. உனக்கு இல்லை.

பஞ்சாயத்து ஆபீஸ் அலமாரிக் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. சீனப் பிரதமர் நம் நாட்டுக்கு வந்துபோன வருஷம் எங்கள் பத்திரிகை இலவசமாகக் கொடுத்த படம்: இரண்டு பிரதமர்களும் கைகோத்துச் சிரிக்கிறார்கள், கீழே சகோதரர்கள் என்று தலைப்பு. பிரசிடெண்டே கஞ்சி காய்ச்சி ஒட்டினார். அந்த வருஷம் எங்கள் பத்திரிகையில் சீனத் தலைவர்கள் ஞானிகள், உழைப்பாளிகள், ஆசியாவின் விடிவெள்ளிகள். வடக்கே சண்டை வந்த ஐப்பசியில் அதே ஆசிரியர், அதே பேனாவால் அவர்களை ஓநாய் என்று எழுதினார். படத்தைச் சுரண்டச் சொல்லி உனக்கு உத்தரவு வந்தது. கஞ்சிப் பசை விடவில்லை. சீனப் பிரதமரின் முகமும் உடம்பும் போயின. கை மட்டும் மிஞ்சியது. நம் பிரதமர் யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு சிரித்தபடியே இருந்தார்.

நம் கள்ளத்தனம் அதற்கும் முந்தியது. ஊருக்கான செய்தி முடிந்ததும் ஒலிபெருக்கிச் சுவிட்சை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, முள்ளைத் திருப்புவாய். கொழும்பு. லண்டன். சில சமயம் பீகிங்கின் இங்கிலீஷ். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் ஒரே தலைவரை எந்த ஊர் என்னவென்று சொல்கிறது என்று குறித்து வைத்தாய். டில்லிக்கு நம் பிரதமர் சமாதானத் தூதர். பீகிங்குக்கு அடுத்தவன் மண்ணுக்கு ஆசைப்படுகிறவர். லண்டனுக்கு ஏமாந்துபோன வயசாளி. "ஆளு ஒருத்தருதான். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வேற சட்டை மாட்டி உடறானுங்க" என்பாய்.

கொழும்பை நீ நம்பியதும் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. கொழும்புக்காரன் மட்டும் யோக்கியனா என்று நான் மடக்கியபோது நீ சொன்ன பதில் இன்றுவரை என் தொழிலில் நான் கற்ற ஒரே பாடம். "எங்க மாமன் தேயிலைத் தோட்டத்துல கெடக்கறாரு. அந்தச் சேதின்னா அவன் சொல்றத நம்ப மாட்டேன். அதுல அவனுக்கு ஆதாயம் இருக்குது. இந்தச் சண்டையில அவனுக்கு இன்னா வருது? அதனால இதுல கேக்கலாம்."

என் பெரியம்மா மகன் பட்டாளத்தில் இருந்தான். வடகிழக்கு மலையில் இருப்பதாகக் கடைசிக் கடிதம். டில்லி தினமும் நம் வீரர்கள் தீரமாகப் போரிடுகிறார்கள் என்றது. எங்கே, எத்தனை பேர் மிச்சம் என்று சொல்லவில்லை. மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் பெரியம்மா ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். படி ஏறவில்லை. தெருவில் நின்றபடி, உன்னைப் பார்க்காமல், கதவைப் பார்த்துப் பேசினாள்.

"வேற எங்கியோ வச்சிக் கேக்கறியாமே. எம் புள்ள இருக்கற எடத்தப் பத்தி அதுல எதனா சொல்லுவானா?"

"சொல்லலாம்மா. நல்லதாத்தான் இருக்கும்னு சொல்ல முடியாது."

"எதுவா இருந்தாலும் கேட்டுடறேன். வைப்பா."

இங்கேதான் அது நடந்தது. பிறகு கேட்டவர்கள் எல்லோரும் துரோகம், திமிர், அசட்டுத்தனம் என்று என்னென்னவோ சொன்னார்கள். நடந்தது இவ்வளவுதான்: நீ இருக்கும் அறைக்குள் பெரியம்மா வர மாட்டாள். அவள் நிற்கும் முன் வாசலுக்குப் பெட்டியை நீ தூக்கிக்கொண்டு வர முடியாது. கேட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்றால் மேலத்தெருவுக்குள் நீ நடக்க முடியாது. உன் அறையிலிருந்து அவள் காதுக்குச் செய்தி போக அந்த ஊரில் ஒரே வழிதான் இருந்தது. கூரை மேல் இருந்த ஒலிபெருக்கி.

அறைக்குள் உன்னோடு இருந்த நான் போய்ச் சொல்லியிருக்கலாம். நீகூட என்னைப் பார்த்தாய். செத்துப்போனான் என்று செய்தி வந்தால் அதைச் சொல்லும் வாய் என்னுடையதாக இருக்க வேண்டாம் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொழும்பு தன் பெயரைச் சொல்லி முடித்த பிறகு, நீ சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டு ஒலிபெருக்கிச் சுவிட்சைப் போட்டாய். மழை விட்ட ஊரில் அடிமட்டச் சத்தமும் ஏரிக்கரை வரை போகும் என்று ரேடியோ தெரிந்த உனக்குத் தோன்றாமல் போயிற்று. கொழும்பு நிதானமாக, வருத்தமும் இல்லாமல் சந்தோஷமும் இல்லாமல் சொன்னது: மலைமேல் இருந்த காவல் அரண் விழுந்துவிட்டது; இந்தியப் படை பின்வாங்குகிறது; பலர் இறந்தார்கள், பலர் பிடிபட்டார்கள். பெரியம்மா கீழே உட்கார்ந்து மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். தெருவெல்லாம் கதவு திறந்தது.

பிரசிடெண்டு ஓடிவரவில்லை. நடந்துதான் வந்தார். உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கூரையைப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் திருப்பி வச்சியோ, அங்கியே போயிடுவ நீ" என்றார், சாதாரணமாக.

மறுநாள் விழுப்புரத்தில் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். பிரசிடெண்டு ஆள் அனுப்பியிருந்தார். உங்க ஊர்தானே, நாலு வரி எழுது என்றார். எழுதினேன். "பஞ்சாயத்து ரேடியோ ஊழியர் அயல்நாட்டு வானொலிச் செய்தியை ஒலிபெருக்கியில் வைத்ததால் ஊரில் பதற்றம்." கொழும்பு என்று எழுதவில்லை, எழுதினால் எனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். பெரியம்மா கேட்டதை எழுதவில்லை; அவள் என் வீட்டுப் பொம்பளை. நான் அறையில் இருந்ததை எழுதவே இல்லை. காலையில் அச்சில் வந்தபோது 'அயல்நாட்டு' என்பது 'பகைநாட்டு' ஆகியிருந்தது. மாற்றியது ஆசிரியர். ஆனால் மாற்றுவதற்கு இடம் வைத்து எழுதியவன் நான். கொழும்பு என்று எழுதியிருந்தால் அதைப் பகைநாடாக்க அவராலும் முடிந்திருக்காது.

அந்தப் பத்திரிகைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் போலீஸ் வந்தது. நோட்டை எடுத்தார்கள். பீகிங் என்று உன் கையெழுத்தில் இருந்த பக்கம் போதுமானதாக இருந்தது. அலமாரியில் மிஞ்சியிருந்த கையைக் காட்டி, இதை யார் ஒட்டியது என்று கேட்டார்கள். பிரசிடெண்டு பக்கத்தில்தான் நின்றார். ஊரே நின்றது. நானும் நின்றேன். நீ சொல்ல வாய் திறந்து, சுற்றிலும் முகங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாய். சொன்னாலும் சாட்சிக்கு ஆள் கிடையாது என்று கணக்குப் பார்த்திருப்பாய். சரியான கணக்கு.

எட்டு மாதம் உள்ளே இருந்தாய். அதற்குள் சீனாக்காரன் கைதிகளை விட்டான். பெரியம்மா மகன் கால் விரல்கள் இரண்டு போய், உயிரோடு வந்தான். பிடிபட்டிருந்தான், கொழும்பு சொன்னது சரி. மேளம் வைத்து ஊர்வலம். வீரன் திரும்பினான் என்று நான் ஏழு பத்தி எழுதினேன். ஒரு சொல் குறைக்காமல் போட்டார்கள். பெரியம்மாவிடம் போய் இப்போதாவது நீ கேட்டுத்தான் அவன் வைத்தான் என்று சொல், அவன் இன்னும் உள்ளே கிடக்கிறான் என்றேன். "எம் புள்ள வந்துட்டான். இனிமே எதுக்கு அந்தப் பேஜாரு" என்று என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கேப்பைக் களி வைத்தாள். சாப்பிட்டேன்.

நீ வெளியே வந்தபோது இருமிக்கொண்டு வந்தாய். திண்டிவனத்தில் மல்லாட்டை மில்லில் கடலை மூட்டை தைக்கும் வேலை. அந்தத் தூசியில் உன் நெஞ்சு ஒரு வருஷம் தாங்கியது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். நீ இடம் கொடுக்கவில்லை. பிரதமர் இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. "லண்டன்காரன் இன்னா சொன்னான்? பெரிய மனுசன்னு சொன்னானா?" என்று கேட்டாய். சொன்னான் என்றேன். "செத்தா எல்லா ஸ்டேஷனும் ஒரே சட்டைதான் போடுது" என்று சிரித்து, சிரிப்பு இருமலாகி, நர்சு என்னை வெளியே போகச் சொன்னாள். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். உன்னைப் பற்றி எந்த ஸ்டேஷனும் ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சாயத்து ஒலிபெருக்கி இப்போது நேராக மேலத்தெருவைப் பார்த்து இருக்கிறது.

இன்று பகல் உன் தம்பி கேட்டதை ஆசிரியரிடம் சொன்னேன். ஒரு திருத்தம் போட வேண்டும் என்றேன். "சண்டை நடக்கற நேரத்துல திருத்தமா? உனக்கு இன்னா பைத்தியமா?" என்றார். அதனால் பாசஞ்சர் ஏறி உன் தம்பியோடு திண்டிவனம் போனேன். போலீஸ் ஸ்டேஷனில் வெள்ளைத் தாள் வாங்கி உட்கார்ந்து எழுதினேன். கொழும்பு. பெரியம்மாவின் பெயர். படத்தை ஒட்டிய பிரசிடெண்டு. அறையில் நான் இருந்தது. சுவிட்சைப் போடும் முன்பு நீ என்னைப் பார்த்தது.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். பொறுமையாகப் படித்தார்.

"தம்பி விஷயம் மேல அனுப்பறேன். பாக்கலாம். அந்த ரூம்ல அப்ப மொத்தம் எத்தினி பேரு?"

"ரெண்டு பேர்."

"உங்க வீட்ல ரேடியோ இருக்குதா சார்?"

"இருக்குது."

"எந்த ஸ்டேஷன் கேப்பீங்க?"

"எல்லா ஸ்டேஷனும்."

அதையும் குறித்துக்கொண்டார். வெளியூர் போவதாக இருந்தால் சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்.

வெளியே வந்தேன்; ஜன்னலோரம் நின்ற உன் தம்பி எல்லாவற்றையும் கேட்டிருந்தான். "அன்னிக்கி நீங்க உள்ளதான் இருந்தீங்களா?" என்றான். இருந்தேன் என்றேன். அவன் ரயில் ஸ்டேஷனுக்கு எனக்கு முன்னால் நடந்துபோய், நான் ஏறிய பெட்டியில் ஏறாமல் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டான். அவனுக்கு வேலை கிடைக்குமா, நான் எழுதியதே அதைக் கெடுத்துவிடுமா, தெரியாது. பொழுது சாய்ந்ததிலிருந்து என் வீட்டு எதிர்க்கடையில் ஒரு ஆள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். டீ வந்து ஆறிவிட்டது, அவன் குடிக்கவில்லை.

நீ என்னைப் பார்த்த அந்தப் பார்வையை மூன்று வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். எழுதிக் கொடுத்தால் இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. இத்தனை வருஷம் நான் எழுதியவற்றில், ஒரு சொல்லைக்கூட வெட்டாமல், ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், முழு உண்மையையும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது போலீஸ் மட்டும்தான்.