விளையாட்டு அறையிலுள்ள அமிலக் கேன்கள் குறித்து

அனுப்புநர்:
உடற்கல்வி இயக்குநர்,
கலை அறிவியல் கல்லூரி.

பெறுநர்:
சுற்றுச்சூழல் பொறியாளர்,
மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம்.

பொருள்: விளையாட்டுச் சாமான் அறையிலுள்ள அமிலக் கழிவை அகற்றுதல், இனிமேல் சேராமல் குறைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பந்துக்கும் வலைக்கும் பொறுப்பாளனான நான் அமிலத்தைப் பற்றி எழுத நேர்ந்ததைப் பொறுத்தருள வேண்டும். ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின நாள், வேதியியல் ஆய்வகத்தின் கழிவுக் கேன்கள் என் அறைக்கு வந்து சேர்ந்தன. "ரெண்டே நாள் வெச்சிருங்க, அவங்க போனதும் எடுத்துக்கறேன்" என்றார் துறைத் தலைவர். அவர் என் மனைவி. மறுத்துவிட்டு நான் வீட்டுக்கும் போக வேண்டுமே.

2. குழு பளிச்சென்ற ஆய்வகத்தைப் பாராட்டியது. 'இத்துறையில் கழிவு ஏதுமில்லை' என்று துறைத் தலைவர் கையெழுத்திட்ட தாளையும் வாங்கிச் சென்றது. வம்பு அங்கேதான் தொடங்கியது. கழிவு வண்டி கேட்டால், இல்லாத கழிவுக்கு வண்டி எதற்கு என்று கல்லூரி அலுவலகம் திருப்பி அனுப்புகிறது. முதல்வர் 'பார்க்கலாம்' என்கிறார். என்றைக்கு என்று சொல்லமாட்டேன் என்கிறார்.

3. நெடி தாங்காமல் காவலாளி மூடிகளை இறுகத் திருகிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். உள்ளே வாயு சேர்ந்து கேன்கள் உப்பின. நேற்று மாலை ஒரு மூடி தெறித்து, பீறிட்ட அமிலத்தில் மேலே தொங்கிய கைப்பந்து வலை தலை நுழையும் அளவுக்கு ஓட்டையாகக் கரைந்துபோனது. கல்லூரி அணித் தலைவியான என் மகள் அந்த வலையை எடுக்கத்தான் வந்துகொண்டிருந்தாள். ஷூ கயிறு அவிழ்ந்ததால் வழியில் குனிந்து கட்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஐயா, அதை நினைத்தால் எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மற்ற மூடிகளை என் மனைவியே கவசம் அணிந்து தளர்த்தினார்.

4. கேன்களை எடுத்தால் மட்டும் போதாது. சில துளிகள் போதுமான சோதனைக்கு மாணவர்கள் குழாய் நிறைய அமிலம் ஊற்றுகிறார்கள். அளவைக் குறைக்கலாம் என்று என் மனைவி முன்பே சொன்னார். ரசாயனம் மீந்தால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையும் என்று கல்லூரி அலுவலகம் வாயை அடைத்துவிட்டது. துளி அளவில் செய்முறை நடத்தவும், அமிலத்தைத் தனியே சேகரிக்கவும் தாங்கள் உத்தரவிட வேண்டும்.

5. அறையைப் பூட்டிச் சாவியை என்னிடமே வைத்திருக்கிறேன். தயவுசெய்து இன்றே வண்டியுடன் வாருங்கள். கழிவு உண்டு என்பதற்குச் சாட்சியாக, இல்லை என்று எழுதிக் கொடுத்தவரே கீழே கையெழுத்திடுகிறார். வேலைக்கு ஆபத்து வருமே என்றேன். "நம்ம பொண்ணு மூஞ்சிய விட வேலை பெருசா?" என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.

தங்கள் வரவை எதிர்நோக்கி,

இடம்: விளையாட்டு அறை வாசல்
நாள்: வெள்ளிக்கிழமை

(ஒப்பம்) உடற்கல்வி இயக்குநர்
(ஒப்பம்) வேதியியல் துறைத் தலைவர், மாணவியின் தாய்