செவ்வாய்க்குப் போயிட்டு வாறன்

மச்சாள்,

நேற்று உன் மகளுடைய சூட்கேசை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கியபோது ஓர் அட்டை என் தலையில் விழுந்தது. பழைய பசை மணம் இன்னும் போகவில்லை. அதில் என் கையெழுத்து: "செவ்வாய்க்குப் போயிட்டு வாறன்." கடைசிச் சொல்லை நீ சிவப்புப் பேனையால் வெட்டியிருக்கிறாய். அதன் கீழே நான் பிடிவாதமாகத் திரும்பவும் எழுதியிருக்கிறேன்.

நாம் இருவரும் களுவாஞ்சிக்குடியில் விஞ்ஞானம் படிப்பித்த காலத்துக் கண்காட்சி அது. ரெஜிபோம் நுரைத்தகட்டிலும் நூல்கட்டைகளிலும் ஆறு சில்லு வைத்த செவ்வாய் ஊர்தி ஒன்று செய்தோம். அதன் கழுத்தில் தொங்கவிடத்தான் இந்த அட்டை. பார்த்ததும் நீ கத்தினாய். "அது எங்க வாறது? அங்கயே கிடந்து பழுதாப்போற மெசின். 'போறன்' எண்டு எழுதுகா." வெளிக்கிடுகிற யாராவது வாசலில் நின்று அப்படிச் சொல்வார்களா, அது திரும்பாத போக்கல்லவா, ஊரே ஏசும் என்று நான் மறுத்தேன். தவணைப் பரீட்சையில், என் அட்டையை நம்பி, வேலை முடிந்ததும் ஊர்தி பூமிக்குத் திரும்பிவிடும் என்று வகுப்பு முழுக்க எழுதி வைத்தது. விடைத்தாள் கட்டை என் மேசையில் போட்டுவிட்டு நீ ஒரு வாரம் சிரித்தாய்.

அந்தச் சண்டை நமக்குள் ஓயவே இல்லை. நீ மெசின் கட்சி. "அதுக்குச் சோறு வேணுமா, மூச்சு வேணுமா? உடைஞ்சா ஒரு தாய் அழப்போறாளா? எதுக்கு மனிசரை அனுப்பிப்போட்டு நெஞ்சில கைய வெச்சிக்கொண்டு இரிக்க?" என்பாய். நான் மனிதர் கட்சி. படம் எடுக்க மெசின் காணும். யாரும் நினைத்திராத ஒரு கல்லைக் கண்டு நின்று, குனிந்து எடுத்து, திரும்பி வந்து அந்த இடம் எப்படி இருந்தது என்று சொல்ல மனிதர்தான் வேண்டும் என்பேன்.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது. கொழும்புக்கு ஒப்பரேசனுக்குப் புறப்பட்ட அன்று, பஸ் மிதிபலகையில் நின்று, "சரி மச்சாள், போறன்" என்றாய். சொல்லை மாற்று என்று வாய்வரை வந்தது. ஆட்களுக்கு முன்னால் உன்னைப் பயப்படுத்தக்கூடாது என்று விழுங்கிவிட்டேன். நீ உயிரோடு திரும்பி வரவில்லை. நீ தெரிந்துதான் சொன்னாயா, வாய்தவறி வந்ததா? ஒரு சொல்லால் யாரும் சாவதில்லை என்று விஞ்ஞானம் படிப்பித்தவளுக்குத் தெரியாதா? தெரிந்து என்ன, மனம் கேட்கிறதா?

நீ போன பிறகு என்னோடு வளர்ந்த உன் மகள் இன்று காலை வெளிக்கிட்டாள். சந்திரனில் இறங்கும் மெசின்கள் செய்யப் படிக்கப்போகிறாள், பனி கொட்டும் ஏதோ ஒரு ஊரில். ஒரு மாதமாக எனக்கு நித்திரை இல்லை. நேற்று வெட்கத்தை விட்டு உன் கட்சிக்கு மாறினேன். "மனிசர் போகாம இரிக்கத்தானே புள்ள மெசின் செய்யிற? அத இஞ்ச இருந்து செய்யேலாதா?" என்று கேட்டேன்.

"மெசின் செய்யிற இடத்துக்கு மனிசர்தானே மாமி போகோணும்" என்று சிரித்தாள். உன் சிரிப்பேதான்.

நீ அவளுக்கு எழுதிவைத்த செட்டிபாளையத்து வீட்டைப் பூட்டி, திறப்பை என் கையில் தந்தாள். வாடகை வானுக்குள் ஏறி, கண்ணாடியை இறக்கி, "சரி மாமி, போறன்" என்றாள். அதே சொல், அதே குரல். இந்த முறை நான் விழுங்கவில்லை. வானுக்கு முன்னால் போய் மறித்து நின்றேன். சாரதி ஹோர்ன் அடித்தார்.

"வாறன் எண்டு சொல்லு புள்ள."

"வாறன் மாமி. வாறன், வாறன். காணுமா?"

காணாது, மச்சாள். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தாள் என்றுகூட இன்னும் தகவல் இல்லை. போனையும் திறப்பையும் மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். உன்னிடம் கேட்டு வாங்காத சொல்லை அவளிடம் வாங்கிவிட்டேன். அவள் வந்து இந்தத் திறப்பைக் கேட்கும்வரை எனக்குப் பயம்தான்.